ஐந்து வருட ஆன்லைன் இன்டென்ட்: மில்லில் இருந்து ஓர் அனுபவம்

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் மெஷின்) பராமரிப்பு என் பொறுப்பு. உதிரிபாகங்கள் வாங்க ஆன்லைன் இன்டென்ட் முறை, அதாவது வேண்டிய பொருளைக் கம்ப்யூட்டரில் எழுதிக் கேட்கும் முறை, எங்கள் மில்லுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதத்தில் கேட்டிருந்தால் பாராட்டித்தான் சொல்லியிருப்பேன். எந்தப் பேரிங் எப்போது வந்தது, யார் வாங்கிப் போனார்கள் என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தெரிகிறது. ஸ்டோர்ஸில் பொருள் காணாமல் போவதும் நின்றது. இதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

சிக்கல் அதோடு சேர்ந்து வந்த முடிவுகளில்தான் இருக்கிறது. முன்பு அவசரம் என்றால் மில் மேலாளர் கையெழுத்துப் போட்டால் போதும், கோயம்புத்தூரில் இருந்து மாலைக்குள் பொருள் வந்துவிடும். இப்போது ஐந்து பேர் ஒப்புதல் தர வேண்டும், அதில் மூன்று பேர் தலைமை அலுவலகத்தில் இருக்கிறார்கள். ஒருவர் லீவில் போனால் அவருக்குப் பதில் ஒப்புதல் தர ஆள் கிடையாது. 600 ரூபாய் பொருளுக்கும் மூன்று கொட்டேஷன் வேண்டும். ஒரே பொருள் மூன்று குறியீட்டு எண்களில் பதிவாகியிருப்பதால், ஒன்றில் ஸ்டாக் இருந்தும் இன்னொன்றில் 'இல்லை' என்று காட்டும்.

எல்லாவற்றையும்விட என்னைப் பாதித்தது டிராவலர் விஷயம். ஸ்பிண்டிலை (நூல் சுற்றும் கதிர்) சுற்றியிருக்கும் ரிங் மேல் ஓடுகிற, 'சி' வடிவச் சின்னக் கம்பி அது. 40-ஆம் நம்பர் நூலுக்குப் போடுவது ஒன்று முப்பது மில்லிகிராம் அளவுதான் இருக்கும். ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்றில் ஓடும்போது அது நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகத்தில் ரிங்கை உரசிக்கொண்டு போகிறது. தேய்ந்தால் சூடாகிப் பறந்துவிடும், நூலும் அறுந்துவிடும். அதனால் கெடு வைத்து மாற்றியே ஆக வேண்டும். 1,008 ஸ்பிண்டில் உள்ள ஒரு மெஷினுக்கு அத்தனை டிராவலரும் ஒரே நேரத்தில் வேண்டும்.

பணம் முடங்கக் கூடாது என்று, மூன்று மாத ஸ்டாக்கைப் பதினைந்து நாளாகக் குறைத்தார்கள். போன வருடம் சித்திரையில் நான் போட்ட இன்டென்ட் நான்காவது ஆளிடம் நின்றது. 'தேவையை விளக்கவும்' என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். விளக்கம் எழுதினேன். அடுத்து, விலை குறைவு என்று வேறு டிராவலரை வாங்கி அனுப்பினார்கள். எங்கள் ரிங்கில் அது உட்காரவில்லை. அதற்கு முன் மெஷினில் போட்டுப் பார்த்தீர்களா என்று எங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

பதினொரு நாள் அப்படியே ஓட்டினோம். நூறு ஸ்பிண்டிலுக்கு மணிக்கு மூன்றுக்குள் இருந்த நூல் அறுப்பு எட்டைத் தாண்டியது. அறுந்த முனையில் இருந்து வரும் பஞ்சு அதை உறிஞ்சிச் சேர்க்கும் நியூமாஃபில் பெட்டியில் மெத்தை மாதிரி சேர்ந்துகொண்டே இருந்தது. அத்தனையும் நல்ல பஞ்சு. நைட் ஷிஃப்டில் சைடர் (அறுந்த நூலை ஒட்டும் வேலை) பார்க்கும் அக்கா ஒருவர், இருபது வருடம் இதே வேலையில் இருப்பவர், நின்ற இடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒரு பக்கம் ஒட்டிட்டுத் திரும்பறதுக்குள்ள மறுபக்கம் அறுந்து நிக்குதுங்க. எத்தனை தடவைதான் நடக்கறது?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்த மாதம் உற்பத்தி குறைந்ததற்கு அவர்களுக்கு ஊக்கத்தொகையும் பிடித்தார்கள். அது அநியாயம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

சாஃப்ட்வேரை எடுத்துவிடச் சொல்லவில்லை. 5,000 ரூபாய் வரை மில் மேலாளரே ஒப்புதல் தரட்டும். லீவில் போகிறவருக்குப் பதில் ஒருவரை வையுங்கள். டிராவலர், ஏப்ரன், ஸ்பிண்டில் டேப் போன்ற பாகங்களை வேறு வகைக்கு மாற்றும் முன் ஒரே ஒரு மெஷினில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம், பிடித்த ஊக்கத்தொகையைத் திருப்பிக் கொடுங்கள். இந்த நான்கையும் போன வாரம் மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூடவே அந்தப் பதினொரு நாள் அறுப்புப் பதிவேட்டின் நகலையும் வைத்தேன்.