ஆன்ஃபீல்டு அரங்கச் சுற்று: கோப்பைகளைவிட உயர்ந்து நிற்கும் முதல் ஆட்டத்தின் நினைவுகள்

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்துக் கழகம், தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டைப் பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டும் சேவையை நடத்திவருகிறது. கழகத்தின் அருங்காட்சியகத்துக்கான நுழைவும் அதே சீட்டில் அடங்கிவிடுகிறது. கட்டணம் மலிவானது என்று சொல்ல முடியாது. குடும்பமாகப் போனால் கையைக் கடிக்கும். ஆயினும் கொடுத்த பணத்துக்கு மேலாகவே பெற்றுத் திரும்பினோம் என்பது என் தீர்ப்பு. அதற்கு முதற்காரணம் வீரர்கள் உடைமாற்றும் அறையும் அல்ல, கண்ணாடிப் பேழைக்குள் மின்னும் வெள்ளிக் கோப்பைகளும் அல்ல. வாழ்நாள் முழுவதும் ஒரே கழகத்தின் பின்னால் நின்ற மனிதர்கள், தாம் பார்த்த முதல் ஆட்டத்தைப் பற்றி, அது நடந்த இடத்திலேயே நின்று சொல்லக் கேட்கும் வாய்ப்பு இங்கே கிடைக்கிறது. அந்த வாய்ப்பைத் தவறவிடாமல் இருப்பது எப்படி என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சுற்றின் அமைப்பு எளிமையானது. காதில் மாட்டிக்கொள்ள ஓர் ஒலிக்கருவி தருகிறார்கள். அது சொல்லும் வழியில் நம் விருப்பப்படி நடக்கலாம். முக்கியமான இடங்களில் கழகத்தின் வழிகாட்டிகள் நிற்கிறார்கள். நாங்கள் சந்தித்தவர்களில் பலர் தலை நரைத்தவர்கள், அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒலிக்கருவியில் பதிவான செய்திகள் நேர்த்தியானவை, ஆனால் அவை எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே வழிகாட்டி ஒருவர் நிற்கும் இடம் வந்ததும் கருவியைக் கழற்றிவிட்டு, "நீங்கள் முதன்முதலில் இங்கே வந்தது எப்போது?" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு நாம் எதுவும் கேட்க வேண்டியிருக்காது.

சுற்று 2016-இல் விரிவாக்கப்பட்ட பிரதான பார்வையாளர் மாடத்தின் உச்சியில் தொடங்குகிறது. அங்கிருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் காலடியில் விரிகிறது. திரும்பினால் ஸ்டான்லி பூங்காவும் அதற்கப்பால் இதே நகரின் மற்றொரு கழகமான எவர்ட்டனின் பழைய மைதானமான குடிசன் பார்க்கும் தெரிகின்றன. இரண்டு மைதானங்களுக்கும் இடையே ஒரு மைல் தொலைவுகூட இல்லை. 1884-இல் திறக்கப்பட்ட ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியது எவர்ட்டன்தான் என்பதும், நிலத்துக்கான வாடகைத் தகராறில் அவர்கள் 1892-இல் பூங்காவைக் கடந்து குடிசனுக்குப் போய்விட, வெறுமையாகிப்போன மைதானத்துக்காக ஜான் ஹோல்டிங் தொடங்கிய கழகமே லிவர்பூல் என்பதும், அந்த உயரத்தில் நின்று கேட்கும்போது வரலாறாக அல்லாமல் அக்கம்பக்கத்துக் குடும்பச் சண்டையாகவே விளங்குகின்றன. இந்நகரில் ஒரே வீட்டில் அண்ணன் லிவர்பூலின் சிவப்பும் தம்பி எவர்ட்டனின் நீலமும் அணிவது இன்றும் வழக்கம். தந்தை எந்த மைதானத்துக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றாரோ, அதுவே பெரும்பாலும் பிள்ளையின் கழகமாகிவிடுகிறது.

அந்த உச்சியில் நின்றிருந்த வழிகாட்டியின் முதல் ஆட்டம் 1964 ஆகஸ்டு 22 அன்று ஆர்சனலுக்கு எதிராக நடந்தது. பிபிசி தன் வாராந்திரக் கால்பந்துத் தொகுப்பு நிகழ்ச்சியை முதன்முதலாக ஒளிபரப்பியது அந்த ஆட்டத்தைக் கொண்டுதான். லிவர்பூல் இரண்டு கோல் முன்னிலை பெற்று, ஆர்சனல் சமன் செய்து, இறுதியில் கார்டன் வாலஸ் அடித்த கோலால் 3-2 என லிவர்பூல் வென்றது. அப்போது பிபிசியின் இரண்டாவது அலைவரிசை லண்டன் வட்டாரத்தில் மட்டுமே கிடைத்தது. எனவே தம் ஊரில் நடந்த ஆட்டத்தை லிவர்பூல் மக்கள் தொலைக்காட்சியில் பார்க்கவே முடியவில்லை. நேரில் பார்த்தவர்களுக்கு மட்டுமே அது சொந்தம் என்பதில் அவருக்கு இன்றும் பெருமை இருக்கிறது.

ஆனால் அவர் அதிக நேரம் பேசியது கோல்களைப் பற்றி அல்ல. அன்று அவருக்கு எட்டு வயது. கோப் என்று அழைக்கப்படும் மாடத்தின் ஒரு மூலையில் சிறுவர்களுக்கென்று கம்பியடைத்த பகுதி ஒன்று இருந்தது. குறைந்த கட்டணத்தில் பிள்ளைகளை அதற்குள் விட்டுவிட்டுப் பெரியவர்கள் கோப்பில் நிற்கப் போய்விடுவார்கள். உள்ளே இருக்கும் பிள்ளைகளின் ஒரே குறிக்கோள், கம்பியிலும் கூரைச் சட்டத்திலும் தொற்றி ஏறி, காவலர் கண்ணில் படாமல் பெரியவர்களின் கூட்டத்துக்குள் குதித்துவிடுவது. அப்படிக் குதித்தவனை முன்பின் தெரியாத ஆண்கள் தலைக்கு மேல் கைமாற்றிக் கைமாற்றி, ஆட்டம் நன்றாகத் தெரியும் முன்வரிசைவரை இறக்கிவிடுவார்களாம். தன்னைத் தாங்கிய கைகளின் புகையிலை மணத்தை அவர் சொல்லிக்கொண்டே போனார். மேலும் ஒன்று சொன்னார்: அதுவரை கால்பந்தை அவர் கறுப்பு வெள்ளைப் படங்களில் மட்டுமே பார்த்திருந்தார். படியேறி மேலே வந்த நொடியில் கண்ணில் பட்ட புல்லின் பச்சையும் சட்டைகளின் சிவப்பும் வேறெங்கும் இல்லாத நிறங்களாகத் தோன்றினவாம். அந்தத் தலைமுறை ரசிகர்கள் பலரும் இதையே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இங்கிலாந்தில் வண்ணத் தொலைக்காட்சி பரவுவதற்கு முந்தைய காலம் அது என்பதை எண்ணிப் பார்த்தால், இதில் மிகை ஏதும் இல்லை.

கதையை முடித்ததும் அவர் என் மகளிடம், "உன் முதல் ஆட்டம் எது?" என்று கேட்டார். "இன்னும் நேரில் எதையும் பார்த்ததில்லை" என்றாள். "அப்படியானால் நீ கொடுத்துவைத்தவள் அம்மா, உனக்கு அது இனிமேல்தான் வரப்போகிறது" என்றார். சுற்று முழுவதும் அவள் நடந்த நடையே அதன் பிறகு மாறிவிட்டது.

உடைமாற்றும் அறைகள், செய்தியாளர் சந்திப்புக் கூடம் ஆகியவை புதுக் கட்டடத்தின் பகுதிகள். அழகானவை, படம் எடுக்க ஏற்றவை, அதற்கு மேல் சொல்வதற்கில்லை. மைதானத்துக்கு இறங்கும் வழியில் மாட்டப்பட்டுள்ள "இது ஆன்ஃபீல்டு" என்ற பலகைக்கு முன் மட்டும் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். எதிரணியினரின் மனத்தில் அச்சத்தை விதைக்கப் பயிற்சியாளர் பில் ஷாங்க்லி மாட்டிய பலகை அது. கோப்பை எதையும் வெல்லும்வரை அதைத் தொடக் கூடாது என்று பின்னாளில் பயிற்சியாளராக இருந்த யூர்கன் கிளாப் தம் வீரர்களுக்குச் சொல்லியிருந்தார். பார்வையாளர்களுக்கு அந்தத் தடை இல்லை.

நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் கோப். 1906-இல் எழுப்பப்பட்ட இம்மேட்டுக்கு, 1900-இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்பியன் கோப் குன்றில் நடந்த போரின் பெயர் சூட்டப்பட்டது; அங்கே மாண்ட படைவீரர்களில் லங்காஷயர் படைப்பிரிவினர் பலர். 1928-இல் கூரை வந்தது. ஏறத்தாழ 28,000 பேர் நின்றுகொண்டே பார்த்த இடத்தில் இன்று அதில் பாதிப் பேர்கூட அமர முடியாது. நின்று பார்த்த காலத்தில் கூட்டம் அலையாகச் சரியும்போது ஒருவர் ஆட்டம் தொடங்கும்போது நின்ற இடத்திலிருந்து ஆட்டம் முடிவதற்குள் பல அடி தள்ளிப்போயிருப்பார் என்கிறார்கள். இருக்கைகளில் உட்காரவிட்டு அதைச் சொல்லும்போது கற்பனை செய்துகொள்வது சற்றுக் கடினம்தான்.

எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு பெண்மணி தம் பேரனோடு அமர்ந்திருந்தார். வழிகாட்டியின் பேச்சு 1977 மார்ச் 16-ஐத் தொட்டதும், "அதுதான் என் முதல் ஆட்டம்" என்று எழுந்து நின்றுவிட்டார். ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம் அது. எதிரணி பிரான்சின் சேன்-எத்தியேன். பிரான்சில் நடந்த முதல் ஆட்டத்தில் லிவர்பூல் 0-1 எனத் தோற்றிருந்தது. இங்கே கெவின் கீகன் இரண்டாவது நிமிடத்திலேயே கோல் அடித்தார். இடைவேளைக்குப் பின் பிரெஞ்சு அணியின் பத்தனே வெகு தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் போனது. இரு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பார்க்கும்போது சமநிலை வந்தால் எதிரி மைதானத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதி அன்று இருந்ததால், லிவர்பூலுக்கு மேலும் இரண்டு கோல் தேவைப்பட்டது. ரே கென்னடி ஒன்றை அடித்தார். ஆட்டம் முடிய ஆறு நிமிடங்கள் இருக்கையில், மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த செம்பட்டை முடிக்காரர் டேவிட் ஃபேர்கிளஃப் தனியாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி இரண்டாவதை அடித்தார். லிவர்பூல் அந்த ஆண்டு மே மாதம் ரோமில் தன் முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்றதற்கு வழிதிறந்த கோல் அது.

அந்தப் பெண்மணி அந்தக் கோலைப் பார்க்கவில்லை. அவருக்கு அப்போது பத்து வயது. முன்னால் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்ததில், தந்தையின் கோட்டுப் பொத்தான் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்ததாம். ஆனால் அந்தச் சத்தம் கால் வழியாக உடம்பில் ஏறியதை விவரித்தபோது அவருடைய கைகள் நடுங்கின. தந்தை அழுததை அவர் அன்றுதான் முதன்முதலில் பார்த்தார். பிறகு எத்தனையோ இறுதிப் போட்டிகளைப் பார்த்தவர். அவற்றின் கோல் கணக்கை எல்லாம் பேரன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

கோப்பில் நின்று பார்க்கும் வழக்கம் 1994 ஏப்ரல் 30 அன்று நார்விச் அணிக்கு எதிரான ஆட்டத்தோடு முடிந்தது. லிவர்பூல் 0-1 எனத் தோற்றது. எங்கள் குழுவில் இருந்த இன்னொருவருக்கு அதுவே முதல் ஆட்டம். தோல்வி அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆட்டம் முடிந்த பின்னும் பெரியவர்கள் வெளியேற மனமில்லாமல் நின்றதும், ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று தாம் தந்தையை நச்சரித்ததும்தான் அவர் நினைவில் நிற்கின்றன. தந்தை ஏன் நின்றார் என்பது பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது என்றார்.

நின்று பார்க்கும் மாடங்கள் ஏன் மறைந்தன என்பதை மைதானத்துக்கு வெளியே உள்ள நினைவிடம் சொல்கிறது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த கூட்ட நெரிசல், ஆட்டம் பார்க்கப் போன லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் உயிரைக் குடித்தது. பழி பல ஆண்டுகள் ரசிகர்கள்மீதே சுமத்தப்பட்டது. இறந்தவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்று நடுவர் குழு 2016-இல்தான் அறிவித்தது. பெயர்களோடு பொறிக்கப்பட்ட வயதுகளைப் படியுங்கள். இளையவருக்கு வயது 10. முதல் ஆட்டங்களின் மகிழ்ச்சியைக் கேட்டுவிட்டு வருபவர்கள் இங்கே நிற்காமல் போகக் கூடாது.

அருங்காட்சியகத்தில் ஆறு ஐரோப்பியக் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. 2005-இல் இஸ்தான்புல்லில் வென்றது மட்டும் அசல். ஐந்தாவது முறை வென்ற கழகம் கோப்பையைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. ஏசி மிலானுக்கு எதிராக 0-3 எனப் பின்தங்கி, ஆறே நிமிடங்களில் மூன்று கோல் அடித்துச் சமன் செய்து, பெனால்டியில் வென்ற அந்த ஆட்டத்தைத்தான் நான் இந்தியாவில் நள்ளிரவுக்குப் பின் விழித்திருந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். என் முதல் ஆட்டம் அது. தொலைவிலிருந்து ரசிகரானவர்களின் முதல் ஆட்டத்துக்கும் இந்த அருங்காட்சியகத்தில் ஒரு மூலை ஒதுக்கினால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை. உள்ளூர் ரசிகர்களின் குரல்களையும் இன்னும் நிறையப் பதிவு செய்து வைக்கலாம். எட்டு வயதில் கம்பியில் ஏறியவர்கள் இன்று எழுபதை எட்டிவிட்டார்கள்.

இன்றைய எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு எளிதல்ல. சீசன் சீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல் மிக நீண்டது. 2016 பிப்ரவரியில் புதிய மாடத்தின் சில இருக்கைகளுக்கு 77 பவுண்டு கட்டணம் என்று அறிவிக்கப்பட்டபோது, சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியேறினார்கள். கழகம் சில நாட்களிலேயே வருத்தம் தெரிவித்து அந்த முடிவைக் கைவிட்டது. தந்தை மகனை அழைத்து வரும் வழக்கம் அறுந்துவிடக் கூடாது என்ற கவலையே அந்த எதிர்ப்பின் உள்ளே இருந்தது என்று எங்கள் வழிகாட்டி சொன்னார். அவர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

போக விரும்புவோருக்குச் சில செய்திகள். லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து மைதானம் சுமார் இரண்டு மைல். அருகிலுள்ள குயின் ஸ்குவேரில் பேருந்து கிடைக்கும். ஆட்ட நாட்களில் சுற்று வழக்கம்போல் இராது என்பதால் தேதியைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். சீட்டைக் கழகத்தின் தளத்திலேயே வாங்குங்கள். எங்களோடு வந்த ஒரு குடும்பம் இடைத்தரகுத் தளம் ஒன்றில் கணிசமாகக் கூடுதல் பணம் கொடுத்திருந்தது. கூட்டம் குறைவான வார நாளின் காலை நேரமே சிறந்தது. அப்போதுதான் வழிகாட்டிகளுக்குப் பேச நேரம் இருக்கும். இயன்றால் அறுபதைக் கடந்த உள்ளூர் ரசிகர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்; அவருக்கான சீட்டையும் நீங்களே வாங்கிவிடுங்கள்.