பாக்கின் குரோமாட்டிக் ஃபேன்டசியா: ஹென்லே பதிப்பு வாங்கலாமா?

வாங்கலாம். எப்படி வாசிப்பது என்பதையெல்லாம் புத்தகமே சொல்லிவிடும் என்று நினைத்து மட்டும் வாங்க வேண்டாம்.

இந்த டி மைனர் படைப்பு, தாராளமாக ஓடும் ஃபேன்டசியா, ஒரே தீமைக் குரல்கள் மாறி மாறி எடுக்கும் ஃபியூக் என்று இரண்டு பகுதி கொண்டது. இதற்கு பாக் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. இருப்பவை பிறர் எடுத்த நகல்கள். அவையும் ஒன்றுக்கொன்று முரண்படும். ஜெர்மன் பதிப்பகமான ஹென்லேயின் ஊர்டெக்ஸ்ட் (மூலத்தை ஒட்டிய பதிப்பு) அவற்றை ஒப்பிட்டுத் தருகிறது. விரல் எண்களைத் தவிர, சத்தக் குறி, பெடல் குறி என்று எதையும் மேலே ஏற்றவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஜெர்மன் பியானோ கலைஞர் ஹான்ஸ் ஃபோன் பியூலோவின் 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பு இதற்கு நேர் எதிர். குறிகள் கொட்டிக் கிடக்கும். ஃபியூகின் முடிவில் ஆக்டேவ்களை (அதே சுரத்தின் மேல், கீழ் ஸ்தாயி) சேர்த்துத் தடிமனாக்கியிருப்பார். அதில் பழகிய கையைத் திருத்துவது பெரும்பாடு.

ஃபேன்டசியாவில் பலரும் மாட்டிக்கொள்வது 27-ஆம் பாரில் (தாளக் கட்டத்தில்). அதுவரை ஓடிய வேகமான ஓட்டங்கள் நின்று, வெறும் கார்டுகளும் (ஒன்றாக ஒலிக்கும் சுரங்கள்) ‘ஆர்பெஜியோ’ (பிரித்து வாசி) என்ற சொல்லும்தான் இருக்கும். கார்டைக் கீழிருந்து மேலே பிரித்து, அப்படியே கீழே இறங்குங்கள். நீண்ட கார்டுக்கு அது போதும். அடிச் சுரத்தை விரலாலேயே பிடித்து வையுங்கள். தொடக்கம் நிதானமாக, நடுவில் வேகமாக. மெட்ரோனோம் வைத்து எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் தட்டினால் விரல் பயிற்சி மாதிரிதான் கேட்கும். பெடலை மிதித்தே வைத்திருப்பது அதைவிட மோசம்: ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகையில் சில இடங்களில் அரைச் சுரம்தான் நகர்கிறது, அந்த நகர்வே குழம்பிவிடும்.

49-ஆம் பாரில் ‘ரெசிடேட்டிவ்’, அதாவது பேச்சு போன்ற பாணி. ஒற்றைக் குரல் பேச, கார்டுகள் குறுக்கே வெட்டும். ஆலாபனை கேட்டு வளர்ந்த சென்னைக் காதுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும் (கிரேடு தேர்வுக்காகவே எண்ணி எண்ணி வாசித்தவர்களுக்குத்தான் கஷ்டம்). டிஜிட்டல் பியானோவில் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய கீபோர்டு) ஒலியில் முயன்று பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் அழுத்தி அடித்தாலும் சத்தம் கூடாது. எங்கே தாமதிப்பது, எங்கே விரலை எடுப்பது என்று யோசித்தே ஆகவேண்டும்.

ஃபியூக் மூன்று குரல், 161 பார். ஏ, பி ஃபிளாட், பி, சி என்று அரை அரையாக ஏறும் தீம். ஒரு குரலைப் பாடிக்கொண்டு மற்ற இரண்டை வாசித்துப் பழகுங்கள்.

ஹென்லே பக்கம் 23.5 x 31 செ.மீ. ஏ4-இல் ஜெராக்ஸ் எடுத்தால் சுமார் 90 சதவீதமாகச் சுருங்கி, ஃபேன்டசியாவின் நெருக்கமான ஓட்டங்களில் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வில் ஜெராக்ஸ் எடுபடவும் செய்யாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்கள் புத்தகத்தை மூடிய அலமாரியில் வையுங்கள். கடல் காற்றில் நடுப் பின் துருப்பிடித்து, தாள் கழன்று வரும்.

அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் போன்ற கடையில் கேட்கும்போது பெயரோடு பி.டபிள்யூ.வி. 903 என்ற பாக் படைப்புப் பட்டியல் எண்ணையும், ‘ஊர்டெக்ஸ்ட்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.