சோவியத் 6என்23பி வால்வு: பார்சல் பிரித்ததும் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டில் இருந்து கிளிநொச்சிக்கோ மாங்குளத்துக்கோ வந்த வால்வை, அதாவது ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழலை, திருப்பி அனுப்பும் செலவு, பல வேளை வால்வின் விலையையே தாண்டிவிடும். அதனால் ஹெட்போன் அம்ப்ளிபயருக்குப் ஈசிசி88 என்ற பழைய ஐரோப்பிய வால்வு வகை தேடுபவருக்கு எங்கள் தெரிவு சோவியத் 6என்23பி. முலார்ட், சீமன்ஸ் போன்ற விலையுயர்ந்த தயாரிப்பாளர் பெயர்களை வேறு வால்வின் கண்ணாடியில் அச்சடிப்பது கடினமில்லை. மலிவான 6என்23பியின் பெயரை வேறு வால்வில் பொய்யாகப் போட்டு எவரும் பெரிதாகச் சம்பாதிக்க முடியாது. ரஷ்யாவின் கலுகா நகர வொஸ்கோட் ஆலையின் ராக்கெட் முத்திரைக்கு மட்டும் விலை ஏறும், அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

பெயரில் ஒரு பொறி உண்டு. ரஷ்ய எழுத்தில் 'என்' ஆங்கில எச் போலவும், 'பி' காற்பந்துக் கோல் போலவும் இருக்கும். எண்ணைப் பாருங்கள். 6என்1பியும் அதே ஒன்பது கால்தான், அதே சொக்கெட்டில் ஏறும். ஆனால் அதன் சூடேற்றும் இழை 600 மில்லி அம்பியர் இழுக்கும், 6என்23பிக்கு ஏறத்தாழ 310 போதும். 6என்1பியைப் போட்டால் சின்ன ட்ரான்ஸ்போமர் சூடேறிக் கருகலாம். கடைசியில் 'ஈவி' என்று இருந்தால் அது நீண்ட ஆயுளும் அதிர்வு தாங்கும் உறுதியும் கொண்ட ரகம்.

தலைப்பகுதியில் உள்ள வெள்ளிப் பூச்சு வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, எறியுங்கள். பளபளப்பாக இருந்தால் காற்றில்லை என்பது மட்டும்தான் தெரியும், எவ்வளவு ஓடியது என்று அது சொல்லாது. "பாவிக்காத பழைய சரக்கு" என்று விற்பவர் காட்டும் படத்தில் பெரும்பாலும் இந்தப் பளபளப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது.

பிறகு மல்ரிமீற்றர். கீழிருந்து பார்த்து, இடைவெளியில் தொடங்கி வலஞ்சுழியாகக் கால்களை எண்ணுங்கள். இழையின் கால்களான 4க்கும் 5க்கும் இடையே குளிர்ந்த நிலையில் சுமார் 3 முதல் 4 ஓம் வர வேண்டும். 2-3, 7-8 கால்களிடையே எதுவும் காட்டக்கூடாது, காட்டினால் உள்ளே இருக்கும் கிரிட், கதோட் என்ற மின்முனைகள் ஒட்டியிருக்கின்றன. வால்வு டெஸ்டர் வைத்திருக்கும் விற்பனையாளரிடம், ஒரே கண்ணாடிக்குள் இருக்கும் இரண்டு பாதிகளின் அளவையும் தனித்தனியாகக் கேளுங்கள். புதிய வால்வில் ஒவ்வொரு பாதியும் சுமார் 15 மில்லி அம்பியர் மின்னோட்டமும் 12.5 மில்லி அம்பியர்/வோல்ற் பெருக்குத்திறனும் காட்டும். பாதிகளிடையே பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் விலகுங்கள். ஒரே வால்வு இரு காதுக்கும் வேலை செய்யும் அம்ப்ளிபயரில் அதனால் ஒரு காதில் சத்தம் குறைவாக வரலாம்.

கால்களில் கறல் இருந்தால் ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள், அரத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோர உப்புக்காற்றில் சொக்கெட்டும் கறுக்கும். கரகரப்பு வந்தால் வால்வைத் திட்டுமுன் சொக்கெட்டைப் பாருங்கள். வளைந்த காலை நிமிர்த்தும்போது அடியில் கண்ணாடி வெடித்தால் வால்வு போய்விட்டது.

போட்டுப் பத்து நிமிடம் சூடேற விடுங்கள். பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டினால் 'டிங்' என்று சிறிது கேட்பது சாதாரணம். நீண்டு மணியடித்தால் அது ஹெட்போனுக்கு உதவாது. மேசை விசிறியும் அம்ப்ளிபயரும் ஒரே மேசையில் இருந்தால் நல்ல வால்வும் முனகும், முதலில் விசிறியை இறக்குங்கள். விடாத ரீங்காரம் இழைக்கும் கதோட்டுக்கும் இடையேயான கசிவாகவும் இருக்கலாம்.

தண்ணீர் மோட்டர்கள் ஓடும் நேரத்தில் லைன் 230இலிருந்து 200 வோல்ற்றுக்கு இறங்கினால், மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் பகுதி இல்லாத அம்ப்ளிபயரில் 6.3 வோல்ற் இழை 5.5க்கு வந்துவிடும். இந்த வால்வுக்கு 5.7தான் கீழெல்லை. சத்தம் மெலிந்து உடைந்தால் பழி வால்வின் தலையில் விழும். சந்தேகம் வந்தால் 4-5 காலில் அளந்து பாருங்கள். மற்றக் கால்கள் சிலவற்றில் நூறு வோல்ற்றுக்கு மேல் இருக்கலாம், விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.