தம்பியின் பைபோலாரும் நானும்: சாட்ஸ்வர்த்தில் ஏழு வருடம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். சனிக்கிழமைகளில் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன். தம்பிக்குப் பைபோலார், அதாவது அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய் என்று 2018-ல் தெரிந்தது. அதிலிருந்து நான் கூப்பிட்ட எண்கள், நிரப்பிய படிவங்கள், போய் உட்கார்ந்த கூட்டங்கள் பற்றி எழுதச் சொல்லி உறவுக்காரர் இரண்டு பேர் கேட்டார்கள். இப்போது அவர்கள் வீட்டிலும் இதே கவலை.

டாக்டருக்கு முன்னால் பூசாரிதான். "யாரோ கண்ணு போட்டுட்டாங்க" என்றார் பெரியம்மா. முனீஸ்வரருக்குக் கோழி அறுத்துப் பூசை போட்டோம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று ராத்திரி அம்மா ஒரு வாரத்துக்கு அப்புறம் தூங்கினார். ஆனால் தம்பி தூங்கவில்லை. விடிய விடிய வீட்டுக்கு வெளிச்சுவரில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம்தான் முதல்முறை 0800 567 567-ஐக் கூப்பிட்டேன். 1994-ல் ஸேன் வில்சன் என்ற பெண்மணி தொடங்கிய சாடாக் என்ற மனநலத் தொண்டு அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் அது. நோயாளிக்கு மட்டும்தான் என்று நினைத்துத் தயங்கினேன். போனை எடுத்த பெண் தம்பியின் நோய்க்குப் பெயர் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், அவர் ஏதாவது சாப்பிட்டாரா, கார் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். சாவி தம்பியின் கால்சட்டைப் பையில் இருந்தது. அதை நான் யோசித்திருக்கவே இல்லை. பக்கத்தில் ஆள் இருந்து பேச முடியாத நேரத்தில் 31393-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அவர்களே திருப்பிக் கூப்பிடுவார்கள். ஸ்டாஃப் ரூமில் இருக்கும்போது எனக்கு அதுதான் உதவியது.

2021 ஜூலைக் கலவரத்தின்போது சாலைகள் அடைத்துக் கிடந்தன, மருந்துக் கடைகளையும் சூறையாடிவிட்டார்கள். தம்பியிடம் நான்கு நாளைக்குத்தான் லித்தியம் என்ற பைபோலார் மாத்திரை இருந்தது. பாதிப் பாதியாகக் கொடுத்து எட்டு நாள் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டேன். சாடாக்கைக் கூப்பிட்டேன். போனில் இருந்தவர் அளவை நீங்களாக மாற்றாதீர்கள், முதலில் டாக்டரைப் பிடியுங்கள் என்றார். யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று என்னோடு சேர்ந்து வரிசை போட்டார். மூன்றாம் நாள் மாத்திரை கிடைத்தது. அதற்கப்புறம் டாக்டரிடம் கேட்டு, ஸ்கிரிப்ட்டை (மருந்துச் சீட்டை) ஒரு வாரம் முன்கூட்டியே வாங்கிவிடுகிறோம்.

சட்டத்தைப் படித்தது எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக உதவியது. 2002-ஆம் ஆண்டின் 17-ஆம் எண் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சைக்குத் தானாக வர மறுக்கிறவருக்காக, அவருக்குச் சிகிச்சை தரச் சொல்லிக் குடும்பத்தார் ஒரு படிவத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கிறவர் அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும். இரண்டு மனநலப் பணியாளர்கள் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அப்புறம் 72 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்த்து அடுத்ததை முடிவு செய்வார்கள். இது எதுவும் தெரியாமல் 2019-ல் ஒரு மருத்துவமனையின் பிளாஸ்டிக் நாற்காலியில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு படிவம் இருப்பதையே யாரும் சொல்லவில்லை. தம்பி எழுந்து போய்விட்டான். வாசல் வரைக்கும் பின்னாலேயே ஓடி, அவன் ஒரு டாக்ஸியில் ஏறியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது அந்த நான்காம் எண் படிவத்தின் பிரதி, என் பகுதி மட்டும் நிரப்பப்பட்டு, தேதியும் கையெழுத்தும் இல்லாமல் கார் டாஷ்போர்டில் கிடக்கிறது.

சட்டத்தை வரிவரியாகப் படிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016-ல் கௌடெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளைச் செலவு மிச்சம் என்று தொண்டு இல்லங்களுக்கு மாற்றியதில் 144 பேர் இறந்துபோனார்கள். பல குடும்பங்களுக்குத் தங்கள் ஆள் எங்கே இருக்கிறார் என்பதே தெரியவில்லை. தம்பியை வேறு இடத்துக்கு அனுப்பலாம் என்று யார் சொன்னாலும் அம்மா உடனே, "எந்த இடம், யார் பொறுப்பு, எழுதிக் கொடுங்க" என்று கேட்கிறார். சரியாகத்தான் கேட்கிறார்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பைபோலாரும் ஸ்கிட்சோஃப்ரினியாவும் (மனச்சிதைவு நோய்) மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு கட்டாயம் செலவை ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. பதிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அது தெரியாமல் இரண்டு வருடம் கைக்காசு போட்டோம். டிப்ரஷன் அந்தப் பட்டியலில் இல்லை. இது பெரிய அநியாயம் என்பது என் கருத்து.

மாதக் கட்டணம் வாங்கும் ஒரு மனநலச் செயலியையும் எட்டு மாதம் வைத்திருந்தேன். மூச்சை இழுத்து விடச் சொல்லும். காசுக்குத் தகுந்தது இல்லை. குடும்பத்தார் கூடும் ஆதரவுக் குழுவுக்கு ஒரு காசும் கிடையாது, ஆனால் நான் அதிகம் கற்றுக்கொண்டது அங்கேதான். டர்பனுக்குப் பக்கத்து உம்லாசியிலிருந்து வரும் ஒரு ஜூலு அம்மா, மனநோயுள்ள மகனோடு பதினைந்து வருடமாக இருக்கிறவர். "கடவுள் என்னிடம் பேசுகிறார் என்று அவன் சொன்னால் இல்லை என்று வாதாடாதே. தூங்கி எத்தனை நாள் ஆச்சு என்று மட்டும் கேள்" என்றார். வாதாடி வாதாடித் தொண்டை கட்டிய எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

தம்பி வருடா வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பான். பத்து நாள் விரதம். டர்பனில் அது கொளுத்தும் கோடைக்காலம். 2020-ல் காவடி எடுத்த மறுநாள் காலை அவன் கையில் காபிக் கோப்பை தட்டின் மேல் கடகடவென்று ஆடியது. களைப்பு என்று நினைத்தோம். மதியம் வாந்தி, நடக்கும்போது கால் பின்னியது. ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறியிருந்தது. உடம்பில் தண்ணீரோ உப்போ குறைந்தால் லித்தியம் வெளியேறாமல் தங்கிவிடும். கால் வலிக்கு அவன் ஐபுப்ரோஃபென் வேறு போட்டிருந்தான். அதுவும் அளவைக் கூட்டும். விரதத்தை விடச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டுதான் டாக்டரிடம் போனோம். அவர் கறி வேண்டாம் என்பதில் தடையில்லை, தண்ணீரையும் உப்பையும் குறைக்காதே, முன்னும் பின்னும் ரத்தப் பரிசோதனை செய் என்றார். இப்போது காவடிக்குப் பக்கத்தில் நான் தண்ணீர்ப் புட்டியோடு நடக்கிறேன். வீட்டில் லித்தியம் சாப்பிடுகிறவர் இருந்தால், விரதம் தொடங்கும் முன்னால் தயவுசெய்து டாக்டரிடம் பேசுங்கள்.

பள்ளியில் இதையெல்லாம் நெடுங்காலம் மறைத்தேன். மூன்று வருடத்துக்கு எங்களுக்கு 36 வேலைநாள் நோய் விடுப்பு உண்டு. ஆனால் அது நமக்கு உடம்பு சரியில்லாததற்கு. போன வருடம் என் வகுப்பில் ஒரு பெண் தினமும் இரண்டாம் பீரியடில் மேஜையில் சாய்ந்து தூங்கினாள். கணக்குத் தாளின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு பட்டியல்: ரொட்டி, தம்பி சட்டை, அம்மா மாத்திரை. கேட்டதும் முதலில் தாளைக் கவிழ்த்தாள். "எங்க வீட்டு ஃபிரிட்ஜிலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கு" என்றேன். அப்புறம் பேசினாள்.

சைல்டுலைன் என்ற குழந்தைகள் உதவி அமைப்பின் 116 எண்ணை அவள் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அது இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம். உதவி தேவைப்படும் மாணவர்களைக் கண்டறிந்து ஆதரிக்க 2014-ல் வந்த சியாஸ் என்ற கல்வித் துறைக் கொள்கைப்படி ஆசிரியர் முதல் படிவத்தை நிரப்பினால் விஷயம் பள்ளி ஆதரவுக் குழுவுக்குப் போகும். நான் நிரப்பினேன். மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனாலும் நகர்ந்தது. இப்போது வாரத்தில் மூன்று நாள் அவளுடைய அத்தை வருகிறார்.

எங்கள் வீட்டுப் பட்டியலும் அந்த ஜூலு அம்மா சொல்லிக் கொடுத்ததுதான். தம்பி நன்றாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையே எழுதச் சொன்னேன். எந்த அறிகுறி வந்தால் யார் என்ன செய்யலாம் என்று அவன் கைப்பட எழுதினான். நான்காவது வரி: "இரண்டு ராத்திரி தூங்காவிட்டால் கார் சாவியை அக்காவிடம் கொடுப்பேன்." போன செப்டம்பரில் ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டி, "அக்கா, நாலாவது வரி" என்று சாவியை நீட்டினான்.