1,480 சிங்கப்பூர் வெள்ளி வாங்கிக்கொண்டு என் பவளங்களைக் கொன்ற ஆள்

நேற்று ராத்திரி என் டேங்கில் மிச்சமிருந்த கடைசி அக்ரோபோரா பவளமும் போய்விட்டது. காலையில் அடியில் நகக்கண் அளவு வெள்ளை. இரவுக்குள் தோல் மொத்தமும் உரிந்து வெறும் எலும்பு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவேன், அடுத்த ஆள் மாட்டுவார். பவளத்துக்கு நிறம் வர என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில், மீனும் உயிருள்ள பவளமும் வளர்க்கும் மூன்றடி கடல்நீர் டேங்க், நான்கு வருடமாக ஓடுகிறது. மீன்களுக்குக் குறையில்லை. பவளங்களும் வளர்ந்தன, ஆனால் எல்லாம் டீத்தூள் நிறம். காரணம் எனக்கே தெரியும். மகள் தீனியை அள்ளிப் போடுவாள். அது தண்ணீரில் சத்தாகச் சேர்ந்துவிடும்: நைட்ரேட் 25, பாஸ்பேட் 0.25 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). தண்ணீரில் சத்து கூடினால், பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி பெருகிப் பழுப்பேறி, பவளத்தின் சொந்த நிறத்தை மூடிவிடும். சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் போதும், சில மாதம் ஆகும். எனக்குப் பொறுமை இல்லை. என் தப்பு அது ஒன்றுதான்.

பழைய சோபாவிலிருந்து செருப்பு வரை எல்லாம் விற்கும் ஒரு செயலியில் அந்த விளம்பரம்: வீட்டுக்கே வந்து பவளத்துக்கு நிறம் ஏற்றித் தருவார்களாம், ஆறு மாத பேக்கேஜ். கூப்பிட்டேன், வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணே தமிழா? முதல்லயே சொல்லக் கூடாதா" என்றார். பணப் பேச்சே எடுக்கவில்லை. டேங்க் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தார். அப்புறம் ஓரத்தில் காய்ந்த சுள்ளி மாதிரி நின்ற ஒன்றைக் காட்டி, "இது டெனுயிஸ் ஆச்சே, இதையா இப்படி வச்சிருக்கீங்க" என்றார். அது அக்ரோபோரா டெனுயிஸ்தான். நான் வாங்கிய கடைக்காரருக்கே அந்தப் பெயர் தெரியாது. அங்கே விழுந்தேன்.

"ஆப்ல கட்டினா கமிஷன் போகும்ணே, அதை உங்களுக்கே கழிச்சிடறேன்" என்று 1,600-ஐ 1,480 ஆக்கினார். நின்ற இடத்திலேயே கைப்பேசியில் அனுப்பினேன். 1,480 வெள்ளி. மனைவி காபி வேறு கொடுத்தாள்.

அன்றே ஒரு ரியாக்டரை (தண்ணீர் உள்ளே ஓடி வரும் வடிகட்டிக் குடுவை) மாட்டி, பாஸ்பேட்டை உறிஞ்சும் துருநிறக் குருணையை வாய்வரை கொட்டினார். அது இரும்பு ஆக்சைடு, நல்ல பொருள்தான், அளவாகப் போட்டால். கூடவே லேபிள் இல்லாத இரண்டு பாட்டில், "கலர் பூஸ்டர்", தினமும் ஐந்து மில்லி. ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். நான் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள் டேங்க் ஜொலிக்கிறது! பச்சை, ஊதா, ரோஸ். "பாத்தீங்களாண்ணே, ஒரே வாரம்." மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

விளக்கின் செட்டிங்கில் வெள்ளையை 0 ஆக்கி நீலத்தை 100 ஆக்கியிருக்கிறார். அவ்வளவுதான் வித்தை. நீல வெளிச்சத்தில் பல பவளங்கள் தாமாகவே கொஞ்சம் மினுங்கும். இதை நான் கண்டுபிடிக்கப் பதினெட்டு நாள் ஆனது. வெள்ளையை ஏற்றிப் பார்த்தால் பழுப்பு போய் ஒரு செத்த வெளிறல், மணலெல்லாம் குமிழோடு மூக்குச்சளி மாதிரி இழை இழையாகத் தொங்குகிறது.

போட்டோ அனுப்பினேன். "அட்ஜஸ்ட்மென்ட் பீரியட்ணே." நுனி வெளுக்கிறது என்றேன். "அது புது வளர்ச்சி." அடி வெளுக்கிறது என்றேன். "உங்க உப்பு பிராண்ட் சரியில்ல." தண்ணீரைச் சோதிக்கும் ஹன்னா மீட்டர் வாங்கி அளந்தேன்: பாஸ்பேட் 0.00. நைட்ரேட் 22. படம் பிடித்து அனுப்பினேன். "மீட்டர் தப்பு காட்டும்." அதற்கப்புறம் இரண்டு நீல டிக் மட்டும்.

பாஸ்பேட்டும் பவளத்துக்கு வேண்டிய சத்துதான். நைட்ரேட் நிறைய இருந்து பாஸ்பேட் பட்டினி போட்டால் பவளம் எளிதில் வெளிறிவிடும் என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-லேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டும் கூடுதலாக இருந்த என் பழைய தண்ணீரே தேவலை போலிருக்கிறது. அவர் கொடுத்த "கலர் பூஸ்டர்" பாட்டிலை மனைவி திறந்து முகர்ந்துவிட்டு, "இது நம்ம வீட்டு வினிகர்ங்க" என்றாள். வினிகர் ஊற்றினால் பாக்டீரியா பெருகி நைட்ரேட்டைத் தின்னும், உண்மைதான். ஆனால் அந்த பாக்டீரியாவுக்கும் பாஸ்பேட் வேண்டுமே. அதனால்தான் நைட்ரேட் 22-லிருந்து அசையவில்லை.

செயலிக்காரர்களிடம் புகார் செய்தேன். பணம் வெளியே கட்டியதால் தாங்கள் பொறுப்பில்லையாம். ஒரே பதிலை மூன்று முறை ஒட்டி அனுப்பினார்கள். 1,480 வெள்ளி. பவளங்களின் விலையை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் மனைவிக்குத் தெரிந்துவிடும்.

இன்று காலை அவருடைய புது விளம்பரத்தைப் பார்த்தேன். "ஏழே நாளில்" என்று நீல வெளிச்சத்தில் ஒரு டேங்க். கண்ணாடி மூலையில் என் மகள் ஒட்டிய முயல் ஸ்டிக்கர்.

சரி, சொல்கிறேன் என்றேனே. பூஜ்யம் ஆக்கித் தருகிறேன் என்பவரை உள்ளேயே விடாதீர்கள். நைட்ரேட் 5-லிருந்து 10, பாஸ்பேட் 0.05-ஐ ஒட்டி இருந்தால் எனக்குப் போதும். குருணையைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு போட்டுத் தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீங்களே அளந்து பாருங்கள். நிறத்தை வெள்ளை வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். லேபிள் இல்லாத பாட்டில் வேண்டவே வேண்டாம். பணத்தைச் செயலிக்கு வெளியே அனுப்பாதீர்கள். இங்கே 20,000 வெள்ளி வரையிலான வழக்குக்கு வக்கீல் இல்லாமல் போக ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. நான் போகப் போகிறேன், ரசீது மட்டும்தான் இல்லை.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். உப்புத் தண்ணீர் கலக்கி வைத்திருக்கிறேன், மாற்ற வேண்டும்.