மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சாப்பாடு: எந்த வாசல், எத்தனை மணி

மதுரையில் கோயிலைச் சுற்றி நல்ல ஓட்டலுக்குப் பஞ்சம் கிடையாது. வெளியூர்க்காரர்கள் வயிறெரிந்து திரும்புவதற்கு இரண்டே காரணம்தான். நல்ல கடைக்குத் தப்பான நேரத்தில் போவது ஒன்று. ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவில் கண்ணில் பட்ட முதல் போர்டைப் பார்த்து உள்ளே நுழைவது இன்னொன்று.

முதலில் நேரம். மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி, மறுபடி நாலு மணிக்குத் திறக்கிறார்கள். நடை சாத்தியதும் உள்ளே இருந்த கூட்டம் மொத்தமும் பசியோடு ஒரே சமயத்தில் வெளியே கொட்டும். ஒரு மணிக்கு டவுன்ஹால் ரோட்டில் எந்தச் சைவ ஓட்டலுக்குள் போனாலும், சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றுகொண்டு அவர் மோர் ஊற்றிவிட்டாரா என்று எட்டிப் பார்க்கும். அப்போது வருகிற சாப்பாட்டில் சாம்பார் நீர்த்திருக்கும், பொரியல் தீர்ந்து ஊறுகாய்தான் இருக்கும், அப்பளம் நமுத்திருக்கும். சமையல்காரர் மேல் குற்றமில்லை. இருநூறு இலைக்கு வைத்ததை முந்நூறு இலைக்குப் பரிமாறினால் அப்படித்தான் ஆகும். பதினொன்றே முக்காலுக்குள் சாமி கும்பிட்டு வெளியே வந்து, பன்னிரண்டுக்கு முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுங்கள். அதே கடை, அதே விலை, சாப்பாடே வேறு மாதிரி இருக்கும். அந்த நேரம் தவறிவிட்டால் இரண்டு மணிவரை ஒரு இளநீரோடு பொறுத்திருந்து, பிறகு சாப்பாட்டை விட்டுவிட்டு டிபன் பக்கம் போவது புத்திசாலித்தனம்.

அடுத்தது வாசல். பலர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். 2018 முதல் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை. செருப்பையும் போனையும் எந்த வாசலில் கொடுத்தீர்களோ அங்கேயேதான் திரும்ப வாங்க வேண்டும். கிழக்கே கொடுத்துவிட்டு மேற்கே சாப்பிட நினைத்தால், வெறுங்காலோடு சுட்டெரிக்கும் கல்லில் சித்திரை வீதியில் பாதியைச் சுற்ற வேண்டும். அதனால் எங்கே சாப்பிடப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டு வாசலைத் தேர்ந்தெடுங்கள். காலை டிபன் என்றால் மேற்கு. கறி தோசை என்றால் வடக்கு. ஜிகர்தண்டாவும் அல்வாவும் என்றால் கிழக்கு அல்லது தெற்கு. சித்திரை வீதிகளுக்குள் ஆட்டோ வராது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். விலாசம் கேட்கும்போது வெறுமனே 'மாசி வீதி' என்று கேட்டால் வேலைக்காகாது. மேல, கீழ, வடக்கு, தெற்கு என்று நாலு மாசி வீதி இருக்கிறது. கோயிலிலிருந்து வெளியே வர வர சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்பது வரிசை.

மேற்குப் பக்கத்தில் மேலமாசி வீதி முருகன் இட்லிக் கடைதான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். பேருக்குக் குறைவில்லாத இட்லி. தொட்டால் விரல் பதிய வேண்டும், பிய்த்தால் உள்ளே நூலாகப் பிரியாமல் பொலபொலவென்று வர வேண்டும். இங்கே இரண்டும் நடக்கும். வாழை இலையில் சட்னி வரிசையாக விழும். பொடிக்கு நல்லெண்ணெய் கேட்டு வாங்கிக் குழைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையானாலும் இட்லிக்கு ஏற்ற நேரம் காலை ஏழிலிருந்து ஒன்பது. பத்தரைக்கு மேல் பல கடைகளில் அவித்து வைத்த இட்லியை மறுபடி ஆவியில் காட்டித் தருவார்கள். மேல்தோல் பளபளவென்று நீர் கோத்து, நடுவில் கெட்டியாக இருந்தால் அது மறுசூடு.

தேங்காய்ச் சட்னியிலும் கவனம் வேண்டும். மதுரை வெயிலில் அரைத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் அது புளிக்க ஆரம்பித்துவிடும். இலையில் வைத்ததும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குத் தேங்காய்ச் சட்னி இல்லை, தக்காளிதான் என்று சொல்கிற கடையை நம்பலாம். எந்த நேரமும் எல்லாச் சட்னியும் இருக்கும் என்கிற கடையில்தான் யோசிக்க வேண்டும்.

மேலச்சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பத்துக்குப் பேர் போனது. பச்சரிசியும் உளுந்தும் அரைத்து எண்ணெயில் ஊற்றி எடுப்பது. ஓரம் மொறுமொறுவென்று, நடு பஞ்சாக, நிறம் மாறாமல் வர வேண்டும். எண்ணெய் போதிய சூடு இல்லையென்றால் அப்பம் எண்ணெய் குடித்துவிடும், கூடினால் சிவந்துவிடும். சட்டியிலிருந்து இறங்கி ஐந்து நிமிடம்தான் அதற்கு ஆயுசு. பார்சல் கட்டினால் பாழ். மாலையில் போய், நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஒரு காபி குடியுங்கள்.

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜுகளில் கோபுரம் தெரிகிற மொட்டைமாடி ரெஸ்டாரண்டுகள் உண்டு. காற்று நன்றாக இருக்கும், கோபுர விளக்கும் அழகு. டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பஞ்சாபி, சைனீஸ், தந்தூரி, செட்டிநாடு என்று பன்னிரண்டு பக்க மெனு நீட்டுகிற இடங்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று கிரேவிதான் எல்லாப் பெயரிலும் வரும்.

வடக்கு வாசலிலிருந்து பத்து நிமிட நடையில் சிம்மக்கல். கோனார் கடையின் கறி தோசை இங்கேதான். அடியில் தடித்த தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்திய ஆட்டுக்கறி, பிறகு எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுவது. கறி வறண்டு சுருண்டு இருந்தால்தான் ஒட்டும். குழம்போடு அள்ளிப் போட்டால் தோசை ஊறிக் கிழிந்துவிடும். ஒன்றே இரண்டு பேருக்குப் போதும். கூடவே புரோட்டாவும் சொல்லிவிட்டு மிச்சம் வைப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கிற வீண்செலவு. கல்லில் இடம் பிடிக்கிற பண்டம் என்பதால் கூட்டத்தில் இருபது நிமிடம்கூட ஆகும். உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

மதிய அசைவத்துக்குக் கோயில் வட்டத்தைத் தாண்டத்தான் வேண்டும். வைகைக்கு அக்கரையில் தல்லாகுளம், அழகர்கோயில் ரோடு பக்கம் அம்மா மெஸ், குமார் மெஸ் என்று வரிசை இருக்கிறது. இந்த மெஸ்களின் முறை வெளியூர்க்காரர்களுக்குப் புதிது. சோறும் குழம்புகளும் சாப்பாட்டு விலையில் வந்துவிடும். அதற்குள் ஒருவர் பெரிய தட்டில் சுக்கா, கோலா உருண்டை, குடல், நல்லி, நண்டு என்று கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வந்து முகத்துக்கு நேராக நீட்டுவார். கைகாட்டிய ஒவ்வொன்றும் தனிக் காசு. 'அண்ணே, இது எவ்வளவு?' என்று கேட்டுவிட்டு எடுங்கள்; யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். கேட்காமல் நாலு கிண்ணம் எடுத்தால் பில் சாப்பாட்டைப்போல் மூன்று மடங்கு வரும், அப்புறம் கல்லாவில் சண்டை போட்டுப் பயனில்லை.

அயிரை மீன் குழம்பு இருக்கிற அன்றைக்கு வேறெதையும் யோசிக்காதீர்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன். உயிரோடு பாலில் விட்டு வயிற்று மண்ணைக் கக்க வைத்துத்தான் சமைப்பார்கள். அந்த வேலையில் சோம்பல்பட்டால் முதல் கவளத்திலேயே பல்லில் மணல் கடிபடும். தலை, முள்ளோடு அப்படியே மெல்ல வேண்டியது என்பதால் மறைக்கவே முடியாது. விலை கூடுதல்தான்.

கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் வருகிற காலத்தில் சைவ ஓட்டல் வரிசை நீண்டுவிடும். அசைவ மெஸ்களில் சுலபமாக இடம் கிடைக்கும். சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணம், தேரோட்டம் நடக்கிற நாட்களில் மாசி வீதிக்குள் சாப்பாட்டுத் திட்டமே போடாதீர்கள்.

கோயிலுக்குத் தென்கிழக்கே விளக்குத்தூண் பகுதியின் ஜிகர்தண்டாவுக்கு வருவோம். ஊரெல்லாம் ஒரே மாதிரிப் பெயர்ப் பலகை. பலகையை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள். பாலைச் சுண்டக் காய்ச்சி நன்னாரி சர்பத் சேர்த்தால் வெளிர் பழுப்பாக இருக்கும். பளீரென்ற ரோஸ் என்றால் வெறும் எசென்ஸ். பாதாம் பிசின் ஒரு ராத்திரி முழுக்க ஊற வேண்டும். அவசரத்தில் போட்டால் நடுவில் கடுக்கென்று கட்டி நிற்கும். ஐஸ்கிரீமைக் கரண்டியால் கலக்கி அடிக்காமல் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிடுங்கள், அடியிலுள்ள பிசினும் கடற்பாசியும் கடைசி வரை வரும். வயிறு முட்டச் சாப்பிட்டபின் ஸ்பெஷல் வேண்டாம், சாதாரணமே கனம்தான்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண ஓட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம். மொத்த விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தானே வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்னக் கடை, வரியைத் தனியாக வாங்கவே கூடாது. சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022லேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. மொட்டைமாடிகளில் இதைக் கட்டாயம் பார்க்கவும்.

ரயிலுக்குக் கட்டிப் போவதானால் பொடி தடவிய இட்லி தாங்கும், சாம்பாரைத் தனியாகக் கேளுங்கள். ஊருக்கு எடுத்துப் போக விளக்குத்தூண் பக்கத்து நாகப்பட்டினம் நெய் மிட்டாய்க் கடையிலோ ஸ்டேஷன் அருகே பிரேமா விலாஸிலோ அல்வா வாங்கலாம். சூடாக வாங்கினால் டப்பாவை உடனே இறுக்கி மூடாதீர்கள். ஆவி உள்ளே வியர்த்து மறுநாளே மேலே பிசுபிசுத்துப்போகும்.