சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் தரவுக் காப்பகம்: ஒரு பயனர் மதிப்பீடு

நாசாவின் சந்திரா தொலைநோக்கி 1999 ஜூலை 23 அன்று ஏவப்பட்டது முதல் திரட்டிவரும் தரவுகள், அவதானிப்பைக் கோரிய ஆய்வாளருக்கென ஒதுக்கிய காலம் முடிந்ததும், இணையத்தில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. வண்ணப் படங்களை எதிர்பார்த்து நுழைபவர் முதலில் ஏமாறக்கூடும். இங்கே முதன்மையாகக் கிடைப்பது, ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகளும்) உணர்கருவியில் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு ஆற்றலுடன் விழுந்தது என்று குறிக்கும் நீண்ட பட்டியலாகும். இக்காப்பகத்தின் பெருமதிப்பும் அதுவே என்பது என் கருத்து.

வெடித்த விண்மீனின் எச்சமான காசியோப்பியா ஏ-யை எடுத்துக்கொள்வோம். ஒரே கோப்பிலிருந்து சிலிக்கான் உமிழும் 1.8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவிலான கதிர்களைத் தனியாகவும், இரும்பு உமிழும் 6.6 அளவிலான கதிர்களைத் தனியாகவும் பிரித்து இரு படங்கள் வரையலாம். விண்மீனின் ஆழத்தில் உருவான இரும்பு, தென்கிழக்குப் பகுதியில் சிலிக்கானையும் தாண்டி வெளியே கிடப்பதை, அதாவது வெடிப்பின்போது அடுக்குகள் இடம்மாறியதை, நாமே கண்டுகொள்ளலாம். இத்தகைய நுண்மைக்குக் காரணம் சந்திராவின் ஆடிகள். நேராக மோதும் எக்ஸ் கதிரை ஆடி உறிஞ்சிவிடும் என்பதால், குளத்து நீரில் ஓட்டாஞ்சில் தத்திச் செல்வதைப் போலக் கதிர்கள் உரசித் திரும்பும்படி, இரிடியம் என்னும் உலோகம் பூசிய நான்கு ஜோடி ஆடிகள் ஒன்றனுள் ஒன்றாகப் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றின் பிரிதிறன், அதாவது நெருங்கிய இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் திறன், ஏறத்தாழ அரை வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு). சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது என்பதற்காக நான் சலுகை காட்டவில்லை. கூர்மையில் இதற்கு இணையான எக்ஸ் கதிர் தொலைநோக்கி இன்றுவரை இல்லை.

குறைகளும் உண்டு. பகுப்பாய்வுக்கான சியாவோ மென்பொருள் இலவசமே எனினும், கட்டளைகளைத் தட்டச்சு செய்தே இயக்க வேண்டும் என்பதால் பழகக் காலம் பிடிக்கும்; தொடங்குபவருக்கு டிஎஸ்9 என்னும் படம் காட்டும் மென்பொருளே போதும். மங்கலான மூலங்களின் நிறமாலையை ஆராய்பவர்க்கு, கூர்மை குறைந்தாலும் கதிர் திரட்டும் பரப்பு மிகுந்த ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம் நியூட்டன் எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் காப்பகம் கூடுதல் பயன் தரும். முக்கியமாக, சந்திராவின் முதன்மை ஒளிப்படக் கருவியின் வடிகட்டியில் ஆண்டுதோறும் மாசுப்படலம் படிந்துவருவதால், 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழான கதிர்களை உணரும் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே அத்தகைய மென்கதிர் மூலங்களைத் தேடுபவர், புதிய அவதானிப்புகளை விடுத்து, முதல் சில ஆண்டுகளின் கோப்புகளையே பதிவிறக்கிக்கொள்வது நல்லது.